நிழல் பகுதி

காகம் பறக்கும் கணக்கில் நாலே கிலோமீட்டர்.
நடுவில் ஒரு மலைமுதுகு, அவ்வளவுதான்.
நாமக்கல்லில் கேட்கிறது, தருமபுரியில் கேட்கிறது,
ஓமலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்
கரண்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது.
கீழ்முளுவியில் மானியின் முள்
தூங்குகிற பூனை மாதிரி கிடந்தது.

ஜீப் பானெட்டில் படிவத்தை விரித்தேன்.
இடம். நேரம். உயரம். சிக்னல் அளவு.
"பூஜ்யம்னு போடுங்க மேடம், மழை வருது" என்றார்
டிரைவர் ஞானப்பிரகாசம்.
போட்டேன்.
அதற்கும் கீழே ஒரு கேள்வி இருந்தது:
மக்கள் செய்திகளை எவ்வாறு பெறுகின்றனர்?

"வெள்ளச்சி சொல்லும்" என்றார்கள்.

நாற்பது வயதிருக்கலாம் அவளுக்கு.
மிளகு உருவிய விரல்களில் பச்சை போகவில்லை.
தோளில் துண்டு போட்டுக் கட்டிய ரேடியோ;
பேட்டரி மூடி தொலைந்து ரப்பர் பேண்டு மாட்டியது.
தினமும் ஆறரைக்குக் கொண்டைப்பாறை ஏறுகிறாள்.
அங்கே ஒரு ஆள் நிற்கும் அகலத்துக்கு
எங்கள் நிலையம் கேட்கிறது.
மூன்று மாவட்டத்தை வரைபடத்தில் வண்ணம் தீட்டிய நான்
அந்த ஒரு ஆள் அகலத்தை எங்கேயும் குறித்ததில்லை.
இருட்டுவதற்குள் இறங்கி வந்து
குழாயடியில் நின்று சொல்கிறாள்.

"எல்லாத்தையும் சொல்லுவீங்களா?"

"எதுக்கு? டெல்லியில யாரோ யாருக்கோ கை குடுத்தாங்க,
அதை விட்டுருவேன். புயலு கடலூரோட நின்னுச்சுன்னா
அதுவும் வேணாம். ரேசன் மண்ணெண்ணெ,
பரீட்ச ரிசல்ட்டு, பஸ்ஸு ஓடுமா ஓடாதா, மிளகு வெல."
கொஞ்சம் யோசித்தாள்.
"மிளகுக்கு மட்டும் ரெண்டு ரூவா கூட்டிச் சொல்லுவேன்."

பேனாவை மூடினேன்.

லீ பஜார் கமிஷன்காரர் தராசில் எப்படியும்
கிலோவுக்கு ரெண்டு ரூபாய் அடிப்பார்.
ஊர் மொத்தமும் ஒரே விலையைச் சொன்னால்
அவருக்கே சந்தேகம், தான் கேட்டதுதான் தப்போ என்று.
"ரேடியோல சொன்னாங்க."
அதற்கு மேல் பேச்சில்லை.
எண்பத்தி நாலு எண்பத்தி ஆறாகி
மூன்று பருவம் மலை இறங்கியிருக்கிறது.

எங்கள் செய்தி ஆசிரியர் கேட்டால் மெமோ கொடுப்பார்.
நான் எழுதியது: வாய்மொழியாக. போதுமானதல்ல.
அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான்
பணம் ஒதுக்கினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து முதுகின் மேல்
பீரோ உயரத்துக்கு ஒரு கருவி வந்தது.
வாங்கும், பெருக்கும், திரும்ப விடும்.
திறப்பு விழாவுக்கு லட்டு, வீட்டுக்கொரு ரேடியோ.
முள் துள்ளியது. எனக்குப் பதவி உயர்வு.

போன தையில் சரிபார்க்கப் போனேன்.
சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே
எல்லா வீட்டிலும் ஒரே குரல் எண்பத்தி ஒன்று என்றது.
கமிஷன்காரர் தன் ரேடியோவையும்
தராசுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.
எண்பத்தி ஒன்றில் ரெண்டை அடித்தார்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
சொல்ல என்ன இருக்கிறது, அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது.

வெள்ளச்சி கோபப்படவில்லை.
என்னோடு மேலே ஏறி வந்தாள்.
இரும்புக் கூண்டை ஒரு சுற்றுச் சுற்றினாள்,
பின்பக்கம் குனிந்து பார்த்தாள்.
"இதுல எந்தப் பக்கம் மேடம் பேசணும்?"

பேச முடியாது என்றேன். வாங்கும், பெருக்கும்...

"அது தெரியுது. பேசறது எங்க?"

அதற்கு ஒரு அறை உண்டு, கீழே, கண்ணாடி போட்டது,
செருப்பைக் கழற்றி வைக்க வேண்டும்,
முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும் என்று
சொல்லத் தொடங்கும்போது
ஞானப்பிரகாசம் ஹாரன் அடித்தார்.

படிவத்தில் இடம், நேரம், உயரம், சிக்னல் அளவு.
அவள் கேள்விக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், பென்சிலால்,
ஜெராக்ஸில் விழாத ஓரத்தில்.