ஏழாவது வில்லை

வாளையாறு செக்போஸ்ட் தாண்டி லாரி கவிழ்ந்து
விலாவும் தொடையும் ஒடிந்து வந்தவர் நாச்சிமுத்து.
நுரையீரல் காய்ச்சல் அவர் கொண்டுவந்ததல்ல.
பாலக்காட்டில், எங்கள் ஐ.சி.யு.வில்,
ஆறாம் நாள்
வென்டிலேட்டர் குழாய்க்குள் கிடைத்தது.

சளியைத் தட்டில் வளர்த்தவன் நான்.
காலையில் திறந்தால்
ஆறு மருந்து வில்லைகளையும் ஒட்டியே
ஆடைபோல் படிந்திருக்கிறது கிருமி.
ஏழாவதைச் சுற்றி மட்டும்
கொஞ்சம் வெறுமை.
ஸ்கேல் வைத்து அளந்தேன்,
நம்பாமல் இன்னொரு தரம்.

"கிட்னியைப் பிடிக்கும். வேற வழியில்ல,"
டாக்டர் பிஜோய் எழுதிக் கொடுத்தார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே
தெய்வாத்தாள் என்னைத்தான் கேட்டாள்:
"வர்றப்ப எலும்புதானுங்களே ஒடிஞ்சிருந்துச்சு?"

கை கழுவப் போனேன்.
சோப்புப் புட்டியை அழுத்தினால்
காற்றுதான் வந்தது.