ஈரம் தின்ற சீட்டுகள்

பொகவந்தலாவையில் ஜூலை மாதம்
அலுமாரிக்குள்ளும் மழை பெய்யும்.
கனியப் பெட்டியின் நாற்பத்தியொரு சீட்டுகளில்
முப்பத்தியாறு உதிர்ந்து கிடந்தன.
மிச்சத்தை இராமபாணம் தின்றிருந்தது;
"இரும்பு" என்று ஒரு துண்டு
"கல்" என்று ஒரு துண்டு.
ஆய்வுகூட உதவியாளர் நான்.
பெயர் வைக்கிற வேலை என் தலையில்.

முதலில் இரும்புகளையெல்லாம் ஒரே தட்டில் குவித்தேன்:
சிவப்பு, காவி, பொய்ப்பொன்னின் மஞ்சள்.
கையேடு மறித்தது.
உலோகம் பார்த்து இனம் பிரிக்காதே,
கூட இருப்பது யார் என்று பார்.
ஒட்சிசனோடு என்றால் ஒட்சைட்டு
கந்தகத்தோடு என்றால் சல்பைட்டு
காபனேற்றோடு குடியிருந்தால் அது வேறு வீடு.
போன இடமெல்லாம் இரும்பு இரும்புதான்,
வீட்டுப் பேர்தான் அதனுடையதில்லை.

தட்டைக் கலைத்தேன்.

அமிலப் போத்தல் காலி.
கோரிக்கைக் கடிதம் மார்ச்சிலிருந்து
வலயக் காரியாலயத்தில் தூங்குகிறது.
கன்டீனில் ஒரு தேசிக்காய் வாங்கிப் பிழிந்தேன்.
கல்சைட்டு சட்டென்று நுரைத்தது.
டொலமைட்டு யோசித்தது
(கவ்வாத்து முடிந்த மலையில்
மூட்டை மூட்டையாய் வீசுகிறார்களே, அதே சாதி).
ஆணியால் சுரண்டிப் பொடியாக்கிய பிறகு
மெல்ல
இரண்டு குமிழ்.

உப்பை நாக்கு சொன்னது.
அட்டைக் கடிக்குத் தேய்க்கிற அதே உப்பு,
ஏலைட்டுத் தட்டில் அது ஒன்றுதான்.
பென்சிற்கரி என் விரலிலேயே கையெழுத்திட்டது:
காபன், யாரோடும் சேராத தனிமம்.
ஆற்றில் அரித்தவன் எவனோ
நீலக்கல் என்று தந்துவிட்டுப் போன குருந்தம்
நீலமே இல்லை, சாம்பல்.
சோற்றுப் பானை அலுமினியம்
ஒட்சிசனோடு இறுகி
இங்கே கண்ணாடியைக் கீறுகிறது.

மீதியெல்லாம் சிலிக்கேற்று.
லயத்துச் சுவர்க் கல், வாய்க்கால் மினுக்கம்,
சப்பாத்தில் ஒட்டிவந்த களிமண்.
தட்டு போதவில்லை.
மேசை போதவில்லை.

சீட்டெழுதப் பேனா கேட்டுப் போனேன்.
கிளாக்கர் அந்தோனிமுத்து
சம்பளப் பட்டியலைத் திருப்பிக் காட்டினார்:
"கானாவா சேனாவா மிஸ்?
கலியாணம் முடிஞ்சு எட்டு மாசம்,
இன்னும் மாத்தலையே."

பேனா இருந்தது. எடுக்கவில்லை.
மை கரையும். பென்சில் போதும்;
தனிமம் ஈரத்துக்கு அசையாது.

நாற்பத்தியொன்றும் எழுதி ஒட்டியபின்
ஒரு சீட்டு மிஞ்சியது.
லோகநாயகி என்று எழுதினேன்.
முன்னால் ஒரு எழுத்துக்கும் புள்ளிக்கும்
இடம் இருந்தது. விட்டுவிட்டேன்.

இராமபாணம் பென்சிற்கரி தின்னுமா?
கையேட்டில் இல்லை.