எட்டு வாரம் கோழி கிடையாது

கச்சாங்கின் இடது தொடையில்
ஐம்பது காசு அளவில் தொடங்கியது.
நாற்காலி உரசியிருக்கும் என்றேன்.
அடுத்த வாரம் அவன் வால் எலிவால் ஆயிற்று.
வயிற்றோரம் சிவந்து, மிளகாய் தேய்த்ததுபோல.
இரவெல்லாம் நறநறவென்று
தன்னையே மெல்லும் சத்தம்.
வேலை முடிந்து வந்து காலுறையைக் கழற்றினால்
அடியில் ஒட்டியிருக்கும் பாதி நாய்.

பெருக்கித் தள்ளியபடி நினைத்துக்கொள்வேன்
இவ்வளவு கொட்டிய பிறகும்
உள்ளே ஒரு நாய் மிச்சமிருக்கிறதே.

டாக்டர் குவெக் தோலைச் சுரண்டி
கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்தாள்.
பூச்சி இல்லை. பூஞ்சை இல்லை.
ரத்தத்தில் தைராய்டு பழுதில்லை.
இருநூற்றுப் பதினாறு வெள்ளி கொடுத்து
இத்தனை இல்லைகளை வாங்கிக்கொண்டு எழுந்தபோது
"என்ன சாப்பிடுகிறான்?" என்றாள்.

நான் சாப்பிடுவதைத்தான்.

"நீங்கள்?"

காப்பிக்கடைக் கோழிச்சோறு என்றேன்,
ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிறவளைப் போல.
அவன் பிஸ்கட் மூட்டையிலும்
சிரித்துக்கொண்டிருந்தது ஒரு கோழிதான்.

எட்டு வாரம் கோழி கிடையாது, முட்டையும்.
அவன் நாக்கு அறியாத மீன் ஒன்று, அவித்து.
பரங்கிக்காய். சர்க்கரைவள்ளி.
மீனெண்ணெய் அளந்து.
உப்பு வேண்டாம், வெங்காயம் அவனுக்கு விஷம்.
"முடி சாப்பாட்டிலிருந்துதான் முளைக்கும்.
அவசரப்படுத்தாதீர்கள்."

பூன் லே ஈரச்சந்தையில்
தெங் அங்கிள் கத்தியை ஓங்கியபடி கேட்டார்,
குழம்புக்கா பொரிக்கவா?
நாய்க்கு என்றேன்.
கத்தி அந்தரத்தில் கொஞ்சம் யோசித்தது.
பிறகு முள்ளில்லாத பக்கமாக வெட்டினார்.

மூன்றாம் வாரம் தொடையில்
விரலுக்கு மட்டும் தெரியும் சொரசொரப்பு.
நாலாம் வாரம் அவன் தூங்கினான். நானும்.
ஐந்தாம் வாரம் மறுபடி நறநற.

மீனை முகர்ந்தேன். எண்ணெயைப் பூட்டினேன்.
சோப்பை மாற்றினேன். டாக்டரைத் திட்டினேன்.

ஜூரோங் கிடங்கொன்றில்
இரவு முழுக்க பன்னிரண்டு திரைகளைப் பார்த்து
ஒரு பூனை நுழைந்தாலும் எழுதிவைக்கிறவள் நான்.
என் வீட்டு வாசலைத்தான் பார்க்கவில்லை.

ஏழாம் மாதம் அது, பேய்களுக்குப் படையல் வைக்கும் மாதம்.
வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு
சாயங்காலம் வீட்டிலேயே இருந்தேன்.
கம்பிக் கதவுக்குள் ஒரு கை வந்தது,
பச்சைக் கல் வளையலோடு.
விரல்களில் அவித்த கோழித்தோல்,
எண்ணெய் மினுமினுக்க.
கச்சாங் பிச்சை வாங்கும் கடவுளைப் போல
கண்ணை மூடிக்கொண்டு வாங்கினான்.

சிம் ஆன்ட்டி. எதிர்வீடு.
பதினோரு வருடமாக எங்களுக்குள்
மின்தூக்கியில் ஒரு தலையசைப்பு மட்டும்.
அவருக்குத் தியோச்சு. எனக்குத் தமிழ்.
நடுவே சந்தை மலாய், அதுவும் காய்கறி வரைக்கும்.

ஆயாம் தா போலே ஆன்ட்டி, என்றேன்.
புரியவில்லை.
வேறு வழியில்லாமல்
தாழ்வாரத்தில் குந்தி உட்கார்ந்து
என் தொடையை நானே பரபரவென்று சொறிந்து காட்டினேன்,
சீருடையில், பெயர்ப்பட்டையோடு.

சிரித்தார்.
பிறகு கச்சாங்கின் வயிற்றைப் பார்த்தார்.
தன் கையைப் பார்த்தார்.
கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

டாக்டர் சொன்னாள்: மறுபடி முதல் நாள்.

மறுநாள் கதவில் தொங்கியது சிவப்புப் பை.
உள்ளே அரைப் பரங்கி, விதை எடுத்துச் சுத்தமாக.

இப்போது பதினான்காம் வாரம்.
பழுப்பு உதிர்ந்த தொடையில்
ஏனோ வெள்ளையாக முளைத்திருக்கிறது.
வாலில் இன்னும் வரவில்லை.
ஆன்ட்டி தினமும் ஏழு மணிக்குக்
கம்பி வழியே கைவிட்டு
அந்த வெள்ளையைத் தடவிப் பார்க்கிறார்,
துணிக்கடையில் தரம் பார்ப்பதுபோல.

கச்சாங் அதுவரை பொறுத்திருந்து
விரல் ஒவ்வொன்றையும்
ஒழுங்காகச் சோதனை போடுகிறான்.