ஐந்தாம் தவணை

இராகலை பஸ்ஸின் பின்கதவு
மூன்று வருடமாய் மூடியதில்லை.
கயிற்றால் கட்டியிருந்தது, திறந்தபடி.

"ஏறியதற்கு என்ன அத்தாட்சி?"
உரிமையாளரின் சட்டத்தரணி கேட்கிறார்.
"டிக்கெட் எங்கே?"

தரவில்லை ஐயா.
நோட்டை விரலிடுக்கில் செருகிக்கொண்டு
உள்ளுக்குப் போ, இடம் இருக்கு என்றான்.
இடம் மிதிபலகையில் இருந்தது.
அங்கேதான் ஜெயந்திமாலா,
ஒற்றைக் காலில், கக்கத்தில் அரை றாத்தல் பாணோடு.

"கம்பியைப் பிடித்திருந்தாரா?"

பிடித்திருந்தாள்.
கம்பியும் கூடவே வந்துவிட்டது.
இப்போது வேறொரு கம்பி
அவள் தொடைக்குள் இருக்கிறது.

ஏற்றியவன் இறக்கிவிடும்வரை பொறுப்பு:
சட்டத்தில் அப்படி இருக்கிறதாம்.
நீதவான் சிங்களத்தில் வாசித்தார்.
மொழிபெயர்ப்பாளர் லீவு.
வாசலில் நின்ற பொலிஸ்காரர்
குனிந்து காதில் சொன்னார்.
இவ்வளவு சின்ன வசனமா என்றிருந்தது.

அடுத்த தவணை ஆகஸ்ட் பதினெட்டு.

வலப்பனையிலிருந்து திரும்பிவர
அந்நேரத்துக்கு வேறு பஸ் இல்லை.
அதே கதவு. கயிறு மட்டும் புதிசு, நீலம்.
காசைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டியபடி நின்றேன்.
"மிச்சம் சரிதானே அக்கா?"
"டிக்கெட்."
அவன் சிரித்தான். பின்சீட்டில் யாரோவும்.

மூன்று வளைவு கடந்தாயிற்று.
மழை உள்ளே அடிக்கிறது.
கையை இன்னும் மடக்கவில்லை.