கடைசிப் பாகம்

தாராவி, தொண்ணூறு அடி சாலை, மாடி அறை.
செல்வினுக்கு விடிய நாலே முக்காலுக்கு லோக்கல்;
சுவர் பக்கம் திரும்பிக் கிடக்கிறான்.
ஹெட்போனில் ஒரு காது செத்துவிட்டது,
மறு காதில் பூட்ஸ் சத்தம்.

இந்தப் பாகத்தில் அவன் கிழவனாகிவிட்டான்.
தவழ்ந்து எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறான்.
அதற்கென்று பட்டன் கிடையாது.
தானாகவே பிடித்துக்கொள்கிறான்.

முதல் பாகத்தில் கழுத்தை நெரித்த காவலாளிகளுக்குக்
கணக்கில்லை. இன்று ஒருவனையும் தொடவில்லை.
ஒருவன் கொட்டாவி விட்டு முடிக்கும்வரை
பீப்பாய்க்குள் காத்திருந்தேன்.

பிறகு காட்சி. ஐம்பது நிமிடம்
யாரோ யாரையோ மன்னித்துக்கொண்டே இருந்தார்கள்.
மடியில் சும்மா கிடந்த கன்ட்ரோலர்
அணைந்துபோனது தெரியவில்லை.
எதிரி வந்தான். அமுக்குகிறேன், அமுக்குகிறேன்,
கையைத் தொங்கவிட்டபடி
அடி வாங்குகிறான் கிழவன்,
லாமிங்டன் ரோட்டில் பேரம் பேசி வாங்கிய
பழைய பேட்டரியை நம்பி.

எப்படியோ ஜெயித்தோம்.
பெயர்கள் மேலேறின, தீரவே தீராத பெயர்கள்.
தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
அலாரம் அலறியது.
டிரம்முக்குப் பின்னால் பதுங்கிவிட்டேன்.

கண் திறக்காமலே செல்வின் கேட்டான்:
"இன்னும் ஒறங்கலையால?"
"முடிஞ்சிட்டு."
"எது?"
கையூன்றி எழ
இடம் தேடிக்கொண்டிருந்தேன்.