கசங்கிய பூ

மே இருபத்தெட்டு.
இன்னும் ஓர் இரவு உறைபனி என்றது
எஸ்டோனிய வானொலி.
ஹில்யே தன் கட்டிலை உரித்தாள்:
விரிப்பு, இரண்டு தலையணை உறை,
உர்மாஸ் விட்டுப்போன பைஜாமா,
எல்லாம் பியோனி மொட்டுகளுக்கு.
வெறும் மெத்தையில்
கோட்டோடு படுத்தாள்.

விடிந்தபோது
பைஜாமாவின் ஒரு கால்
காற்றை உதைத்துக்கொண்டிருந்தது.
வேலிக்கு மேல் தாவெத்தின் தொப்பி:
"உர்மாஸ் வந்துட்டானா?"
"இல்ல. பூதான் வரப்போகுது."

அதுவும் வரவில்லை.
விரிப்புக்கடியில் மொட்டுகள்
எறும்புகளோடு இறுகியே இருந்தன.
மூட மறந்த மூலையில்தான்
பாப்பி ஒன்று ஓட்டை உதறிவிட்டு
பெட்டியில் திணித்த சட்டைபோல்
நூறு மடிப்போடு சிவந்து நின்றது.

சலவைக்கடையில் பதினெட்டு வருஷம்.
நீவிவிடக் கை தானாக எழுந்தது,
பாதியில் கோட்டுப் பைக்குள் போனது.

வெயில் வரட்டும்.