கொய்யா இலை

மூடியில் ஆறு போல்ட்.
ஐந்து கழன்றது. ஆறாவதைத்
துரு தின்றிருந்தது; ரம்பத்தால் அறுத்தோம்.

உள்ளே பழைய மணல்
அடிபிடித்த கேழ்வரகுக் களி போல இறுகிக் கிடந்தது.
நாலு வருஷமாய் யாரும் திறக்கவில்லை.
தேசிங்கு மேலிருந்து வாளி இறக்கினான்.
நான் குனிந்து வெட்டினேன்.
ஒரு ஆள்தான் நிற்கலாம், அதுவும்
மூச்சை அளந்து.

புதியது ஏறும்போது வரிசை மாறக்கூடாது.
அடியில் எலுமிச்சை அளவு கூழாங்கல்,
அதன்மேல் புளியங்கொட்டை அளவு,
அதன்மேல் கொத்தமல்லி அளவு,
பிறகு சலித்துக் கழுவிய பெண்ணையாற்று மணல்,
ஒரு சாண் கறுப்பு மாங்கனீசு,
கடைசியாக
கேப்பர் மலைப் பக்கம் உடைத்த செம்பாறைத் துகள்.
“செவப்புத் தண்ணிக்குச் செவப்புக் கல்லா?”
சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.
பயிற்சியின் முதல் நாள் நானும் சிரித்தவன்தான்.

நாலு மணிக்கு மோட்டார் போட்டோம்.
முதலில் செங்கல் கரைத்த மாதிரி வந்தது.
பிறகு டீ.
பிறகு வடித்த கஞ்சி.
பிறகு நிறமே இல்லாமல்.

சோதனைக் குழாயை, துளிமருந்தை
நான் பெட்டியிலிருந்து எடுப்பதற்குள்
அஞ்சலாட்சி ஒரு கொய்யா இலையைக் கசக்கி
சொம்பில் போட்டுவிட்டாள்.
இரும்பு இருந்தால் மை போலக் கறுக்கும்.
பத்து நிமிஷம் நின்றோம்.
டீ தருவதாகச் சொல்லியிருந்தவள்
அடுப்புப் பக்கம் போகவேயில்லை.
இலை பச்சையாகவே மிதந்தது.

யாரோ கைதட்டினார்கள்.
அவள் சொம்பை மூக்கருகே கொண்டுபோய்க்
கண்ணை மூடினாள்.
மதிலுக்கு அந்தப் பக்கம்
ஷிப்ட் மாறும் சங்கு ஊதியது.
தேசிங்கு என்னைப் பார்த்தான்.
நான் வால்வைப் பார்த்தேன்.

எங்கள் படிவத்தில் பதினாலு கட்டம்.
வாசனைக்கும் ஒன்று உண்டு.
அதில் ‘ஏற்கத்தக்கது’ என்று
அச்சிலேயே வந்துவிடுகிறது.

“துணிக்கு ஆவும்” என்றாள்.

வாரம் ரெண்டு தரம் பேக்வாஷ் பண்ணணும்,
இந்தப் பிடியை இப்படித் திருப்பணும்,
அடியிலிருந்து தண்ணீர் பீறிட்டு
மணலைக் கிளறி அழுக்கைத் துப்பிவிடும்,
என்று காட்டிக்கொண்டிருந்தேன்.
“துப்புனது எங்க போவும்?”
கையை நீட்டினேன். வாய்க்கால்.
வாய்க்கால் எங்கே போகும் என்று
அவள் கேட்கவில்லை.
உப்பனாற்றில் வலை போடுகிற வீடு அது.

அடுத்த மாசம் சர்வீஸுக்குப் போனபோது
கொடியில் பள்ளிக்கூடச் சட்டைகள்
கண் கூசுகிற வெள்ளை.
அவற்றின் நிழலில்
முப்பத்தைந்து ரூபாய்த் தண்ணீர்க் கேன்,
வெயில் படாமல்.

மூடியைத் திறந்து
முழங்கை வரை மணலில் விட்டுப் பார்த்தேன்.
ஒரு குறையுமில்லை.
பிடிக்கத் தெரிந்ததையெல்லாம்
பிடித்து வைத்திருந்தது.

மூடினேன்.
ஐந்து பழைய போல்ட், ஒன்று புதுசு.
படிவத்தை எடுத்து
வாசனைக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
தேசிங்கு வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டான்.